ஒன்றுக்குப் பதினாலு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு என் மருமகள் ஓவிய வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் கடையிலிருந்து ஒரு கித்தான் வாங்கி வந்தாள். நான் கித்தான் என்கிறேன், அவள் கான்வாஸ் என்கிறாள். துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வெள்ளை பூசி, மேலே கண்ணாடிக் காகிதம் சுற்றி, அப்பளக்கட்டு மாதிரி அடுக்கி விற்கிறார்களாம். அதற்குமேல் இவள் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் வெள்ளைக் குழம்பை எடுத்து ஒரு கை பூசினாள். அரை மணியில் காய்ந்துவிட்டது. அக்ரிலிக் வண்ணத்துக்கு இது போதுமாம். சாயங்காலத்துக்குள் அதில் ஒரு பூனை வந்து உட்கார்ந்துவிட்டது.

"நாத்தமே இல்லையே?" என்றேன்.

"எதுக்கும்மா நாத்தம் இருக்கணும்?" என்று கேட்டாள்.

இருக்க வேண்டும். இல்லாமல் போனதால்தான் எங்கள் வீட்டில் ஒரு மனிதர் நாக்பூருக்குப் போனார். வடாம் இட்டுக் கைபழகிய என் வயதுக்காரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் நான் சொல்லப்போகும் தப்பு எங்கே நடந்தது என்று உங்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா வக்கீல். வக்கீல் தொழிலைவிடத் தெருமுனை வாசகசாலைக்குக் காரியதரிசியாக இருப்பதில் அவருக்குப் பெருமை அதிகம். அந்த வாசகசாலைக்கு இடம் கொடுத்தவர் ஒரு ஓய்வு பெற்ற ஜட்ஜ். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய படத்தை எண்ணெய் வண்ணத்தில் எழுதி, விஜயதசமியன்று கூடத்தில் திறந்து வைப்பதாகத் தீர்மானம் ஆயிற்று.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. இருபத்திரண்டு வயது. பி.ஏ.யைப் பாதியில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஓவியப் பள்ளியில் போய்ச் சேர்ந்தவர். அப்பா அதை வாய்விட்டு 'ஓவியம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'போர்டு எழுதறான்' என்பார். இருந்தாலும் ஜட்ஜ் படத்தை எழுதுகிற வேலையைத் தம்பிக்கே வாங்கிக் கொடுத்தார். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டே சொன்னார்.

"இது தேறித்துன்னா உன் இஷ்டம், நான் குறுக்கே நிக்க மாட்டேன். தேறலைன்னா நாக்பூர்ல உன் மன்னியோட அண்ணா பார்த்து வெச்சிருக்கான், ரயில்வே குமாஸ்தா வேலை. மறுபேச்சு கிடையாது."

"சரிண்ணா" என்றார் சித்தப்பா. அவர் காது மட்டும் சிவந்தது. அவர் மனசை அவர் காதில்தான் பார்க்க முடியும்.

நாலடி உயரம், மூன்றடி அகலத்தில் ஆசாரி ஒரு சட்டம் செய்து கொண்டுவந்தார். எங்கள் வீட்டு ஊஞ்சல், கட்டில், சுவாமி மண்டபம் எல்லாம் அவர் கைவேலைதான். சட்டத்தின் நாலு மூலையிலும் உள்பக்கம் சின்ன ஆப்புகள். துணி தொய்ந்தால் ஆப்பைத் தட்டினால் போதும், சட்டம் விரிந்து துணி விறைத்துக்கொள்ளும். சித்தப்பாவும் நானும் மொட்டைமாடியில் உட்கார்ந்து கித்தானை இழுத்தோம். ஒரு பக்கம் நடுவில் ஓர் ஆணி, எதிர்ப்பக்கம் நடுவில் ஓர் ஆணி, பிறகு மற்ற இரண்டு பக்கம். நடுவிலிருந்து மூலைக்குப் போக வேண்டும், மூலையிலிருந்து நடுவுக்கு வரக்கூடாது. வந்தால் சுருக்கம் விழும். இழுத்துப் பிடிக்கிற வேலை என்னுடையது. சாயங்காலம் என் விரல் நுனிகளைப் பார்த்து அம்மா, "பொண் குழந்தை கையா இது!" என்றாள்.

ஆசாரிதான் வச்சிரப் பசையும் கொண்டுவந்தார். நல்ல வெல்லப்பாகு நிறத்தில், தகடு தகடாக, கண்ணாடி மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தென்னைமரம் பழுப்பாகத் தெரிந்தது. எனக்கு அதை நக்கிப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"அய்யய்யோ பாப்பா, வாயில வெச்சிராத. மாட்டுத் தோலு, எலும்பு, எல்லாத்தையும் போட்டுக் காச்சுறது" என்றார் ஆசாரி.

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போனேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாத்துக்கு இப்டி ஓடுற? உங்கூட்டு சாமி மண்டபமே இத்த வெச்சு ஒட்டுனதுதான். ஊஞ்சலும் அப்டித்தான். அம்மாகிட்ட சொல்லிராத பாப்பா, அப்பால அவங்களால சோறு துன்ன முடியாது."

நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் எனக்கு அப்போதே நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

வச்சிரம் எதற்கு என்று சித்தப்பா எனக்கு விளக்கினார். எண்ணெய் வண்ணத்தில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் நேராகத் துணியைத் தொட்டால் நாளாவட்டத்தில் துணி இற்றுப்போகும். வண்ணமும் எண்ணெயை இழந்து உதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். அதுதான் வச்சிரப் பூச்சு. அது கெட்டியானால் வெடிக்கும், நீர்த்துப்போனால் நிற்காது. "ஒரு பங்கு வச்சிரம், பதினாலு பங்கு தண்ணி. எங்க வாத்தியார் சொன்ன அளவு" என்றார். அப்பாவின் தபால் தராசில் வச்சிரத்தை நிறுத்தார். தண்ணீரை மருந்து பாட்டிலின் கோடு பார்த்து ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணினேன். பதினாலு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டோம்.

அது ராத்திரி ஊற வேண்டும், பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கொதிக்காமல் சூடாக்க வேண்டும், பிறகு ஆற வேண்டும். ஆறினால் தயிர் மாதிரி உறைந்து நடுங்கும். அந்தப் பதத்தில்தான் பூச வேண்டும். கொட்டிலில் கரியடுப்பு வைத்து அவர் காய்ச்சின அன்று, தெருவில் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். செத்த எலியும் ஈரக் கம்பளியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். நல்லவேளை, அப்பா அன்று கோர்ட்டில் இருந்தார்.

வைகாசி வெயிலில் வச்சிரம் எப்படி உறையும்? சித்தப்பா ஜாடியை வாய்கட்டி, ஒரு பழைய வாளியில் வைத்து, கிணற்றுக்குள் இறக்கினார். வாளியின் அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தொங்கியது. கயிற்றைத் துவைக்கிற கல்லில் கட்டினார்.

"நாளைக்கு நான் அடையாறு போறேன். ஜட்ஜ் மாமியாத்துல பழைய போட்டோவெல்லாம் இருக்காம். பார்த்து வரைஞ்சுண்டு வர சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள இது இளகிடும். நீ காலையிலேயே எடுத்து ஒரு கை பூசிடறியா?" என்று கேட்டார்.

ஒன்பது வயதுப் பெண்ணிடம் அவருடைய பிழைப்பைக் கொடுத்தார். பட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை என்று காற்றில் பூசிக் காட்டினார். நானும் காற்றில் பூசிக் காட்டினேன். "பலே" என்றார். அந்த 'பலே'க்காக நான் கிணற்றிலேயே குதித்திருப்பேன்.

மறுநாள் காலை அவர் ஜட்காவில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜவ்வரிசி வடாம். அம்மா விடியற்காலையிலேயே வெண்கலப் பானை நிறையக் கூழ் கிளறி இறக்கியிருந்தாள். தண்ணீர் இழுக்கக் கிணற்றடிக்குப் போனவள், கல்லில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து இழுத்தாள். வாளி மேலே வந்தது. ஜாடியின் வாய்க்கட்டை அவிழ்த்தாள். அடுத்த கணம் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"குடிக்கிற தண்ணிடி!" என்றாள் என்னைப் பார்த்து.

அப்பா உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிஷத்தில் ஸ்நானத்துக்குக் கிணற்றடிக்கு வருவார். அம்மா கூடத்துப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கோபக்காரி இல்லை. சித்தப்பாவுக்குப் பத்து வயதாகும்போது இந்த வீட்டுக்கு வந்தவள். தாயில்லாத பையனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான்.

"உங்கப்பா இதைப் பார்த்தார்னா அவ்வளவுதான். படமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவனை இன்னிக்கே ரயிலேத்திடுவார்" என்றாள்.

ஜாடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோடிக்குப் போனாள். தென்னைமரத்தடியில் கவிழ்த்தாள். பழுப்பு நிறத்தில் பளபளவென்று, நடுங்கிக்கொண்டே அது மண்ணில் விழுந்தது. உறைந்திருந்தது. பதம் மிகச் சரியாக இருந்தது. பதினாலு பங்கையும் எண்ணினவள் நான், எனக்குத் தெரியும்.

"அம்மா, சித்தப்பாவுக்குப் பூசணுமே" என்று அழ ஆரம்பித்தேன்.

"அழாதே. பசைதானே வேணும் அவனுக்கு? பசைக்கு என்ன பஞ்சம் நம்மாத்துல?"

ஜாடியைச் சாம்பல் போட்டு ஏழு தடவை அலம்பினாள். வெண்கலப் பானையிலிருந்து இரண்டு கரண்டி வடாம் கூழை எடுத்தாள். மெல்லிய துணியில் வடிகட்டி, வெந்நீர் விட்டு நீர்க்கக் கரைத்தாள். நிறம் வெளுப்பாக இருந்ததால் காபி டிகாக்‌ஷனை நாலு சொட்டு விட்டாள். ஆறினதும் அதுவும் உறைந்து நடுங்கியது. பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. நாற்றம் மட்டும் இல்லை.

"அவன்கிட்டச் சொன்னா மறுபடியும் அதையே காய்ச்சிண்டு வந்து நிப்பான். சொல்ல மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு" என்று தலையைக் குனிந்தாள். அவள் வகிட்டில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். மீறினால் அம்மா செத்துப்போவாள் என்று அர்த்தம்.

அன்று மாடியில் ஒரு பக்கம் வேஷ்டியில் அம்மா வடாம் இட்டாள். மறு பக்கம் நான் கித்தானுக்குப் பூசினேன். மேலிருந்து கீழே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. இரண்டும் ஒரே பானைக் கூழ், ஒரே வெயில். காக்கைகள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் பார்த்தன. ஒரு காக்கை வடாத்தை விட்டுவிட்டுக் கித்தானைக் கொத்த வந்தது. கறுப்புக் குடையை விரித்து விரட்டினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

சாயங்காலம் சித்தப்பா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். கித்தானைச் சுண்டினார். டம்மென்று சத்தம் வந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"நாத்தமே போயிடுத்தே! வெயில் இழுத்துடுத்து போலிருக்கு" என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, "உனக்கு என்னைவிட நல்ல கைடி" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அம்மா வடாத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வகிடு தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதன்மேல் எண்ணெயில் குழைத்த வெள்ளையைச் சித்தப்பா இரண்டு தடவை பூசி, வாரக்கணக்கில் காயவிட்டார். ஆடியில் ஆரம்பித்துப் புரட்டாசியில் முடித்தார். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு எந்தக் கூடத்திலும் பார்க்கவில்லை. ஜட்ஜ் யாரையோ தண்டிக்கப் போய், கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். விஜயதசமியன்று திரை விலகினதும் ஜட்ஜ் மாமி "இதோ பேசிடுவார் போலிருக்கே" என்று அழுதுவிட்டாள். அப்பா அன்று சாப்பிடும்போது, "மூக்கு நன்னா வந்திருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம். சித்தப்பாவின் காது குங்குமமாகச் சிவந்தது.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் கொட்டியது. மாவடு ஊசிற்று, புஸ்தகங்களில் பூசணம் பூத்தது. முதலில் ஜட்ஜின் கன்னத்தில் ஒரு கொப்புளம் வந்ததாகச் சொன்னார்கள். பிறகு நெற்றியில். கார்த்திகை பிறந்து நாலு நாள் இருக்கும். வாசகசாலையில் நாலு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது ஜட்ஜின் மூக்கு அப்படியே கழன்று மேஜைமேல் விழுந்தது. வாசகசாலைச் சேவகன் அதை ஒரு உறையில் போட்டுக் காரியதரிசியிடம் கொண்டுவந்து கொடுத்தான். அப்பா உறையைப் பிரித்துப் பார்த்தார்.

மறுநாள் படத்தை ஜமக்காளத்தில் சுற்றிக் கைவண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடத்தில் சாத்தி வைத்தோம். சித்தப்பா பின்பக்கம் திருப்பினார். துணி முழுக்கக் கறுப்புப் பூசணம். விரலால் அழுத்தினார். டம்மென்று கேட்ட துணி பொதபொதவென்று உள்ளே போயிற்று.

"வச்சிரம் அளவு தப்பிடுத்துண்ணா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

"அரைகுறையாக் கத்துண்டா இப்படித்தான். ஊர்ல நான் தலைகாட்ட வேண்டாமா?" என்றார் அப்பா.

அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தோம். "மழைக்கு எல்லாந்தான் நமுத்துப் போறது" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். நமுத்துப்போவது என்று வடாத்தைத்தான் சொல்வோம். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் அவளுக்கு இருந்த பயம் உங்களுக்குப் புரியும். உங்கள் அம்மாக்களும் அப்படித்தானே இருந்தார்கள்?

தை பிறப்பதற்குள் சித்தப்பா நாக்பூர் போய்விட்டார். அம்மா வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தாள். அதற்கடுத்த கோடையிலிருந்து எங்கள் வீட்டில் அரிசி வடாம்தான். யாராவது கேட்டால், "ஜவ்வரிசி இப்பல்லாம் நன்னா கிடைக்கறதில்லை" என்பாள். படம் பரணில் ரொம்ப நாள் கிடந்தது. வீட்டை விற்றபோது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சித்தப்பா முப்பது வருஷத்துக்குமேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றார். பிறகு கோபாலபுரத்தில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். நடுவில் அவர் தூரிகையைத் தொடவில்லை. கல்யாணம் கார்த்திகை என்று பார்க்கும்போதெல்லாம் நான் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மா ஒரு பங்குனியில் போனாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து நான் தனியாகக் கோபாலபுரம் போனேன். பேச்சு எங்கெங்கோ சுற்றி வரைகிற விஷயத்துக்கு வந்தது. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். தெரியாதவள் மாதிரிதான் கேட்டேன்.

"அளவு கைவரலையேடி எனக்கு. வாத்தியார் பதினாலுன்னார். மெட்ராஸ் ஈரத்துக்குப் பன்னெண்டு போட்டிருக்கணுமோ, பத்து போட்டிருக்கணுமோன்னு ஆபீஸ்ல பேனாவைப் பிடிச்சுண்டே யோசிப்பேன். துணியையே ஒழுங்காப் பக்குவம் பண்ணத் தெரியாதவன் அதுமேல என்னத்தை வரையறது?"

நான் சொல்லிவிட்டேன். கிணறு, வாளி, தென்னைமரத்தடி, வெண்கலப் பானை, டிகாக்‌ஷன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூழ்ல உப்புப் போட்டிருந்தாளா மன்னி?"

"போட்டிருந்தா. வடாத்துக்குன்னு கிளறினதுதானே?"

"உப்பு! மழைத்தண்ணியையெல்லாம் அது வா வான்னு கூப்பிட்டிருக்கும்" என்று சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "மன்னி கை! பெருங்காயம் போடாம விட்டாளே, அதுவரைக்கும் க்ஷேமம்."

சிரிப்பு நின்றது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ பதினாலு சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பதினாலு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது.

"என்னை மன்னிச்சுடுங்கோ சித்தப்பா" என்றேன்.

"உன்னை என்னடி மன்னிக்கறது? ஒன்பது வயசுக் குழந்தை."

"அம்மா தலைமேல சத்தியம் பண்ணியிருந்தேன். சொன்னா அம்மா செத்துப்போயிடுவாளோன்னு..."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. வச்சிரத்துக்குத் தண்ணீர் அளந்தபோது பாட்டிலின் கோட்டைப் பார்த்தாரே, அதே பார்வை.

"பத்தொன்பது வயசுலயும் நம்பினியா அதை?" என்று கேட்டார். "இருபத்தொன்பதுலயும்?"

நம்பவில்லை. அந்தச் சத்தியத்தில் எனக்குப் பதினைந்து வயதிலேயே நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் சொல்லாமல் இருந்தது அம்மாவின் உயிருக்காக இல்லை. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "உனக்கு என்னைவிட நல்ல கைடி" என்று என் தலையில் கை வைப்பார். அதை இழக்க எனக்கு மனசில்லை, அதற்காகத்தான். இதை அவரிடம் அன்று சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.